பழப்புளி போட்ட வாள்

அந்த வாள் விஷயம் நடக்கும்வரை ரதிதேவி அக்கா சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

பாரிஸ் புறநகரான லா கூர்னெவில் என் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறார். வன்னியிலிருந்து வந்து ஆறு வருடம். இருவரும் ஒன்றாக ரயிலேறி, தமிழ்க்கடைகள் நிறைந்த லா சப்பலுக்குப் பக்கத்தில் ரோமன் என்பவரின் பழம்பொருள் கடையைத் துப்புரவு செய்வோம். பித்தளைச் சாமான் துலக்குவது அக்காவின் வேலை. கடையில் தரும் மருந்துத் தண்ணீரை அவர் தொடமாட்டார். தமிழ்க்கடையில் வாங்கிய பழப்புளிதான்.

"குத்துவிளக்குக்குச் சரியெண்டால் வெள்ளைக்காரன்ரை விளக்குக்கும் சரிதான்" என்பார். ரோமனும் மெச்சிக்கொள்வார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மேசையில் ஒரு வாள் கிடந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் ஆங்கிலேய இராணுவ அதிகாரி ஒருவர் விழாக்களுக்கு அணிந்தது என்று ரோமன் முதல்நாளே பெருமையாகச் சொல்லியிருந்தார். பழைய வாள்கள் சேர்க்கும் ஒரு கிழவர் அன்று அதை வாங்க வருவதாக இருந்தது. பித்தளைக் கைப்பிடி கறுத்துக் கிடந்ததால் அக்கா அதற்கும் புளி போட்டார். நாலு தேய்ப்பில் நிறுத்தி, துணியை மூக்கில் வைத்து மணந்து பார்த்தார்.

"இஞ்சை பார் பிள்ளை. இது காலத்துக் கறுப்பில்லை. புதுப் பித்தளையிலை பூசின சப்பாத்துப் பொலிஷ்."

பின்னால் ரோமன் நின்றார். நூற்றைம்பது வருடக் கறுப்பை அழித்துவிட்டாய் என்று கத்தினார். பிறகு குரலைத் தணித்து, ஒரு தாளில் ஏதோ எழுதி நீட்டினார். விலைமதிப்பான வாளைத் தானே கெடுத்ததாக அக்கா கையெழுத்துப் போட்டால் காப்புறுதியில் நட்டஈடு வருமாம், வேலையும் போகாதாம். போடாவிட்டால் இன்றோடு சரியாம்.

அடுத்த மாதம் அக்காவின் வதிவிட அட்டை புதுப்பிக்க வேண்டும். வேலை ஒப்பந்தம் இல்லாமல் அது நடக்காது. நான் தாளை அவர் பக்கம் தள்ளினேன்.

"போட்டுவிடுங்கோ அக்கா."

"சண்டை முடிஞ்சு முகாமிலை ஒருக்கால் வாசிக்காமல் கையெழுத்து வைச்சனான். அந்த ஒருக்காலே காணும்."

அப்போது கதவு மணி அடித்தது. கிழவர் உள்ளே வந்தார். ரோமன் வாளை எடுக்கக் கை நீட்டினார். அக்கா விடவில்லை.

"பொறுங்கோ மிசியே, பாதி கிடக்கு" என்று தமிழிலேயே கடை அதிரச் சொல்லிவிட்டு, கிழவருக்கு முன்னாலேயே மிச்சக் கைப்பிடியையும் தேய்த்தார். கறுப்பு முழுதும் துணிக்கு வந்தது. கைப்பிடி நேற்று வார்த்ததுபோல மஞ்சளாக மின்னியது. மூலையில் அரம் போட்ட கீறல்கள்கூடப் புதிதாகத் தெரிந்தன.

கிழவர் துணியை வாங்கி மணந்தார். என் பக்கம் திரும்பி, இந்தப் பொலிஷ் கைப்பிடியிலிருந்துதான் வந்ததா என்று பிரெஞ்சில் கேட்டார். கடையில் நான் வாய் திறப்பதில்லை.

"ஓம்" என்றேன். பிரெஞ்சு வரவில்லை. தலையையும் ஆட்டினேன்.

அவர் வாளை வாங்காமலே தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியேறினார். கொஞ்ச நேரத்தில் நாங்களும் வெளியே நின்றோம், இருவருக்கும் வேலை இல்லை.

மூன்று வாரமாக அக்கா லா சப்பலில் கடை கடையாக ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. முதலாளி வரதராசா ஒப்பந்தத்தை நீட்டினார். அக்கா கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார்.

"என்ன அக்கா, காணி உறுதிப் பத்திரமே வாசிக்கிறியள்? சமையல் கிடக்கு."

"கிடக்கட்டும் தம்பி" என்றார் அக்கா, தாளைத் திருப்பியபடி.