ரயில் ஓடாத நாளின் படம்

திருத்தணி மலையடிவாரத்து ஸ்டூடியோவை இடித்துவிட்டுச் செல்போன் கடை கட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அங்கே ஓடினேன். யாரும் வாங்க வராத படங்கள் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன. பழைய முதலாளியின் மகன், "எல்லாத்தையும் எடுத்துகினு போங்க சார். யாரு மூஞ்சின்னு எங்கப்பாவுக்கே தெரியாது" என்றார்.

ஊரின் கதையை எழுதவேண்டும் என்று பழைய நாளிதழ்களும் பெயர் தெரியாத படங்களுமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் பேப்பர் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, மளிகைப் பொட்டலத்தைக்கூடப் பிரித்துப் படிக்காமல் போடமாட்டேன். இந்தப் பெட்டிகளில் அந்தப் பழக்கம் உதவியது. ஸ்டூடியோக்காரர் படத்தை மறுநாள் கழுவி, அன்று வந்த பேப்பரிலேயே சுற்றி வைத்திருந்தார். பேப்பரில் இருப்பது முந்தைய நாளின் செய்தி. அதாவது, படம் எடுத்த நாளின் செய்தி.

தேதி கிடைத்தது. ஆட்கள்தான் கிடைக்கவில்லை. இந்த ஊரில் படம் எடுத்துக்கொள்கிறவர்களில் பாதிப் பேர் முடி இறக்கிவிட்டு வருகிறவர்கள். தலையில் சந்தனம், மீசையும் கிடையாது. யாரைப் பார்த்தாலும் யாரோபோல இருக்கும். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பென்சிலால் 'தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

பெட்டிகளை மணவூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கியபோது அம்மா சும்மாதான் கேட்டாள்.

"உனக்கு மொத மொட்ட போட்டப்போ எடுத்தாங்களே, அதுவும் இதுல கீதா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. நைனாவின் படம் எங்கள் வீட்டில் இல்லை. வாக்காளர் அட்டையில் இருப்பது கறுத்துப்போன ஒரு நிழல். அன்று அம்மாவுக்கு வீட்டுக்குத் தூரம், மலை ஏறக்கூடாது. நைனாவும் தாய்மாமனும் மட்டும் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். போன மூன்று பேருக்கும் மொட்டை. படத்தை வாங்கப் போவதற்குள் நைனா காய்ச்சலில் படுத்தவர், எழுந்திருக்கவில்லை.

"வருஷம் போகப்போக மொகம் நழுவுதுடா. கண்ண மூடினா சட்டதான் தெரியுது, ஆளு தெரியல" என்றாள் அம்மா.

மாமாவைக் கூப்பிட்டேன். எந்த நாள் என்று கேட்டதற்கு, "நாளு யாருக்குத் தெரியும்? மழைன்னா மழை, அப்பிடி ஒரு மழை. தண்டவாளத்துல தண்ணி, ரயில் ஓடல. கத்திரிக்கா லாரில மூட்ட மேல உக்காந்துகினு வந்தோம். நீ பாவா சட்டையெல்லாம் நனைச்சிட்ட. அது மழையில்ல" என்றார். அக்கா புருஷனான நைனாவை அவர் பாவா என்றுதான் கூப்பிடுவார்.

அது போதும். மூன்று நாள் பொட்டலங்களைப் பிரித்துப் பிரித்துத் தலைப்புகளைப் படித்தேன். கடைசியில் ஒன்றில் இருந்தது: கனமழை, ரயில்கள் நிறுத்தம். அதே தேதிப் பேப்பரில் சுற்றிய பொட்டலங்கள் இரண்டு. இரண்டிலும் சட்டையில்லாமல் இரண்டு மொட்டை ஆண்கள், நடுவில் அழுகிற ஒரு மொட்டைக் குழந்தை.

மாமா ஒன்றைத் தட்டி, "இதான். நான் ராஜா மாதிரி நிக்கறேன் பாரு" என்றார்.

"உன் மூஞ்சி எந்தக் காலத்துல ராஜா மாதிரி இருந்துச்சு?" என்றாள் அம்மா. ஆனால் அவளாலும் இது என்று சொல்ல முடியவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி முந்தானையால் துடைத்தாள். தப்பான ஆளுக்குப் பொட்டு வைத்துவிடுவோமோ என்று பயந்தாள்.

மாமாதான் வழி சொன்னார். "டேய், உனக்கு இப்போ பாவா வயசுதானே? போய் மொட்ட போட்டுகினு வா. பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். மறுநாள் காலை மலைக்குப் போனேன். மீசையையும் எடுக்கச் சொன்னேன். சந்தனம் பூசிக்கொண்டு ரயிலில் வந்து வாசலில் நின்றபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிர்ந்தவள், கை தண்ணீரிலேயே இருக்க, அப்படியே பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு போய், மாமா தட்டாத படத்தை எடுத்துவந்தாள். இடப்பக்கம் நிற்கிறவருக்குக் காதுகள் இரண்டும் வெளியே விரிந்திருந்தன. பள்ளிக்கூடத்தில் என்னை முறம் என்று கூப்பிடவைத்த அதே காதுகள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, அழுகிற என்னைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங். இவருதான்" என்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அவளோ புடவை மாற்றப் போனாள்.

"எங்க கிளம்பிட்டம்மா?"

"சந்தனம் காயறதுக்குள்ள ஸ்டூடியோவுக்கு வா. அன்னிக்குத்தான் நான் இல்ல. இன்னிக்கு நானும் நிக்கறேன்."

திருத்தணிக்கே போய் வேறொரு ஸ்டூடியோவில் நின்றோம். படம் எடுத்ததும் சாயந்தரம் வரச் சொன்னார்கள். அம்மா கேட்கவில்லை. கையில் வாங்காமல் எழுந்திருக்கமாட்டேன் என்று கடை வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து நைனாவின் படத்துக்குப் பின்னால் இருந்த 'தெரியவில்லை'யை அழித்தேன். மூன்று பெயர்களையும் அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். மாமா ராஜா என்று நினைத்த அந்த இன்னொரு குடும்பத்தின் படத்தை, யாராவது அடையாளம் சொல்லட்டும் என்று நூலகப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அந்த மழையில் அவர்களும் எப்படியோ வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்.