தொகிகோவின் அழியும் பேனா

கையால் எழுதும் பயோடேட்டாவில் ஒரே ஓர் எழுத்து பிசகினால் முழுத் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏன் எழுத வேண்டும்? என் வகுப்புத் தோழி நகிசாவின் அம்மா தொகிகோ என்னிடம் கேட்ட கேள்வி இது. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள் என்றேன்.

யைசு துறைமுகத்துப் பக்கம் ஒரு நூடுல்ஸ் கடையில் வருடக்கணக்காகப் பரிமாறியவர் தொகிகோ. வசந்தத்தில் அந்த வேலையை விட்டார். அதன்பிறகு ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. சூரை மீன் உறைகிடங்கில் எடை பார்க்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. அது கிடைத்தால் நகிசா நர்சிங் படிக்கப் போகலாம். கிடைக்காவிட்டால் அவளும் மீன் டப்பா ஆலைக்குத்தான்.

அதனால் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து பயோடேட்டா எழுத வைத்தாள்.

"கட்டத்துக்குள்ள எழுதும்மா. ஒவ்வொண்ணும் வெளிய தலைய நீட்டுது பாரு."

"எழுத்துக்கும் காத்து வேணாமாடி?"

"போட்டோ கோணலா இருக்கு. வேலை கேக்குறியா, எட்டிப் பாக்குறியா?"

தொகிகோ போட்டோவைப் பிய்த்து அளவுகோல் வைத்து நேராக ஒட்டினார். அதில் அக்காவிடம் இரவல் வாங்கிய கறுப்புக் கோட்டு கம்பீரமாக இருந்தது. கோட்டுக்குக் கீழே சமையல் ஏப்ரன் இருந்தது கேமராவுக்குத் தெரியாது.

ஆனால் எழுத்து ஒத்துழைக்கவில்லை. முகவரி சரியாக வந்தால் பள்ளியின் பெயர் பிசகியது. பள்ளி சரியானால் கையெழுத்துக்குப் பதில் குத்தும் பெயர் முத்திரை தலைகீழானது. கசங்கிய தாள்கள் மேசைக்கடியில் குவிந்தன. நகிசா குளிக்கப் போனதும் தொகிகோ அவள் பையைத் துழாவி, தேய்த்தால் அழியும் பேனாவை எடுத்தார். பின்முனை ரப்பரால் தேய்த்தால் அந்தச் சூட்டில் மை மறைந்துவிடும். பயோடேட்டாவுக்கு அதைத் தொடவே கூடாது என்று மகள் காலையிலும் சொல்லியிருந்தாள்.

அழிக்க முடியும் என்றதும் தொகிகோவுக்குக் குஷி பிறந்தது. முதலில் மனதில் உள்ளதை எழுதுவார், தனக்குத்தானே சிரிப்பார், பிறகு தேய்த்துவிட்டு மகள் சொன்னதை எழுதுவார். 'பொழுதுபோக்கு' கட்டத்தில் குட்டித் தூக்கம் போய் நூல் வாசிப்பு வந்தது. கடைசியில் தாள் அச்சடித்தது போல இருந்தது. குளித்துவிட்டு வந்த நகிசாவே, "நீ எழுதினதா இது?" என்று சந்தேகமாகக் கேட்டாள்.

மறுநாள் வெயில் கொளுத்தியது. தொகிகோ நேர்காணலுக்கு முன்னதாகவே வந்துவிட்டார். பயோடேட்டா வைத்த உறை கசங்கக் கூடாதென்று காரின் முன்கண்ணாடிக்கடியில் தட்டையாக வைத்துவிட்டு, எதிர்க்கடையில் நிதானமாகக் குளிர்ந்த நூடுல்ஸ் சாப்பிட்டார்.

கிடங்கு மேலாளர் ஓதாகி உறையைப் பிரித்தார். உள்ளே கட்டங்கள் இருந்தன. சிவப்பு முத்திரை இருந்தது. கறுப்புக் கோட்டில் தொகிகோ இருந்தார். எழுத்து ஒன்றுகூட இல்லை.

"முகத்தை மட்டும் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் ஓதாகி.

தொகிகோவின் காது சிவந்தது. "காருக்குள்ள வச்சிருந்தேங்க ஐயா. வெயில் தின்னுடுச்சு."

"ஓ, அந்த அழியற பேனாவா. எங்க டிரைவருங்க ரசீதும் இப்படித்தான் காணாமப் போகும். கவலைப்படாதீங்க, குளிர்ல வச்சா திரும்பி வந்துடும்." தாளோடு எழுந்து உறைகிடங்குக் கதவை நோக்கி நடந்தார்.

திரும்பி வந்துவிடும். எது எது என்பது தொகிகோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வேணாங்க ஐயா, நானே வாயால சொல்லிடறேன்."

"ரெண்டு நிமிஷம்மா, இருங்க."

ஓதாகி புருவமெல்லாம் பனி பூத்து வெளியே வந்தார். தாளில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"நூல் வாசிப்பு. அதுக்கடியில குட்டித் தூக்கம். எது நிஜம்?"

"வாசிச்சா தூக்கம் வருங்க."

"உங்க விருப்பம்ங்கற கட்டத்துல: நிறுவன விதிகளுக்குக் கட்டுப்படுவேன். அடியில, வெள்ளிக்கிழமை கரோக்கே பாட்டு இருக்கு, சீக்கிரம் விடணும்." அவர் நிமிரவில்லை. "வேலையை விட்ட காரணம்: சொந்தக் காரணம். அடியில..."

தொகிகோ தரையைப் பார்த்தார். நகிசாவின் படிப்பு அந்தத் தரையில் உருகி ஓடுவதுபோல இருந்தது.

"முதலாளி சூப்புல தண்ணி கலந்தார். வாடிக்கையாளர் முன்னாடியே கேட்டுட்டேன்." ஓதாகி கண்ணாடியைக் கழற்றினார். "நிஜமாவே கேட்டீங்களா?"

"கேட்டேங்க. அதுக்கப்புறம் எப்படிங்க அங்க இருக்க முடியும்?"

"இங்க கப்பல்காரங்க மீன் மேல ஐஸைக் கெட்டியா ஏத்தி, அதையும் மீன் எடையில சேக்கப் பாப்பாங்க. கேட்டா சத்தம் வேற போடுவாங்க."

"போடட்டுமே. எனக்கும் தொண்டை இருக்கு."

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு புதுத் தாளையும் சாதாரண கறுப்புப் பேனாவையும் எடுத்து நீட்டினார். "தலைமை அலுவலகத்துக்குச் சுத்தமா ஒரு தாள் போகணும். மேல இருக்கறதை மட்டும் எழுதுங்க. திங்கட்கிழமை வந்துடுங்க. வெள்ளிக்கிழமை கரோக்கே கிடையாது."

தொகிகோ அங்கேயே உட்கார்ந்து எழுதினார். நான்கு தாள் பாழானது. ஐந்தாவதில் பழைய தாளின் போட்டோவைப் பிய்த்து ஒட்டினார். அதை ஓதாகி வாங்கி, போட்டோ நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கோப்பில் வைத்தார். பழைய தாளை மட்டும் தொகிகோ கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, மகள் கண்ணில் படும் முன்பே மறுபடி காரின் முன்கண்ணாடிக்கடியில் வைத்துவிட்டார்.

உங்கள் வீட்டில் யாராவது பயோடேட்டா எழுதிக்கொண்டிருந்தால், அவர் பேனாவை எடுப்பதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். நகிசாவிடம் மட்டும் வேண்டாம். அந்தப் பேனாவை அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.