ஸ்டிக்கரும் கோடிச் சேலையும்

வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுக்கும் வேலையில் கதவைத் தட்டுவது சுலபம், உள்ளே இருமுகிறவர் யார் என்று கேட்பதுதான் கஷ்டம். கொரோனா சமயத்தில் திண்டுக்கல் பக்கம் எங்கே ஆள் குறைகிறதோ அங்கே என்னை அனுப்புவார்கள். நாடு முழுக்க உத்தரவு ஒன்றுதான், ஊருக்கு ஊர் அதற்கு அர்த்தம் வேறாக இருந்தது. இதே வேலை பார்த்து அலைந்தவர்களே, உங்களுக்காவது ஏதாவது புரிந்ததா?

ஒட்டும் இடம்

நாகல் நகரில் ஒரு கடைக்காரருக்குத் தொற்று உறுதியானது. வாசல் கதவில் ஒட்ட, 'தனிமைப்படுத்தப்பட்ட வீடு' என்ற ஸ்டிக்கரோடு போனேன். மாஸ்க், கஷாயம், தனி ரூம் என்று எல்லாம் ஒழுங்காக வைத்திருந்தார். ஸ்டிக்கரைப் பார்த்ததும்தான் முகம் வெளுத்தது. மகளைப் பெண் பார்க்க வருகிறார்களாம், தெருவே பார்க்குமாம். நான் ஸ்டிக்கரோடு நிற்க, அவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

"உள்பக்கமா ஒட்டிட்டுப் போம்மா, நாங்க பாத்துப் பாத்துப் பயந்துக்கிறோம்."

மரியாதை

சின்னாளபட்டியில் ஒரு நெசவாளி தறியில் தனியாக இருந்தபோதும் மாஸ்க் போட்டிருந்தார். சந்தோஷப்பட்டேன். என்னைக் கண்டதும் எழுந்து, இரண்டு கையாலும் அதைக் கழற்றிவிட்டு வணக்கம் சொன்னார். போடச் சொன்னேன், போட்டார். பதில் சொல்ல வாய் திறக்கும்போது மறுபடி கழற்றினார். மூன்றாம் தடவை கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். அவரும் குழம்பிப்போனார்.

"அதெப்புடிம்மா, வீடு தேடி வந்தவுககிட்ட மூஞ்சிய மூடிக்கிட்டுப் பேசுறது?"

ஊரோடு ஊசி

ஒட்டன்சத்திரம் தாண்டி ஒரு கிராமத்தில் தடுப்பூசி முகாம். முதல் நாள் முழுக்க ஒருவரும் வரவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து போட்டுக்கொண்டார். அரை மணியில் ஊரே தோளோடு தோள் உரச வரிசையில் நின்றது. தள்ளி நில்லுங்கள் என்று கத்தியே எனக்குத் தொண்டை கட்டியது. முன்னால் நின்ற அம்மா என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"வந்தா ஊரோட வருவோமுங்க, இல்லாட்டி ஒருத்தரும் வரமாட்டோமுங்க."

கோடி

நிலக்கோட்டைப் பூ வியாபாரி முருகேசன் தொற்றோடு வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் பக்கத்து ஆத்தூரில் அவர் தங்கச்சி பாண்டியம்மாளின் கணவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். கணவனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்துதான் கோடிச் சேலை போக வேண்டும். முருகேசன் கிளம்பி வாசலுக்கு வந்துவிட்டார். நான் மறித்தேன். "அவளுக்குப் பொறந்த வீடுன்னு என்னைய விட்டா யாரும் இல்ல தாயி" என்று படியில் உட்கார்ந்து அழுதார். மேலதிகாரிக்குப் போன் போட்டேன். "சேலையப் பத்தி உத்தரவு எதுவும் வரலையேம்மா" என்றார் அவர்.

முருகேசனை உள்ளே அனுப்பிவிட்டு, கடையில் சேலையை நானே வாங்கிக்கொண்டு ஸ்கூட்டியில் ஆத்தூர் போனேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள், அந்தச் சடங்கு எதுவும் தெரியாது. வீடியோ காலில் அண்ணன் முகத்தைக் காட்டினேன். இரண்டு பேரும் அழுதார்கள். பாண்டியம்மாள் பக்கத்தில் போகலாமா, தொடலாமா? சேலையைப் பிடித்தபடி நின்றேன். கூட்டத்தில் ஒருவர், "இந்தப் பிள்ள யாரு, என்ன முறை?" என்று கேட்டார். பாண்டியம்மாள்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க அண்ணன் அனுப்புனவ, எங்க வீட்டுப் பிள்ளதான். நீ போடு தாயி."

அன்றைய படிவத்தில் 'சென்ற காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்க வேண்டும் என்று இன்றுவரை எனக்கும் தெரியவில்லை, அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவருக்கும் தெரியவில்லை.