துண்டு போட்ட இடம்

2024 ஜூன் 12, புதன்கிழமை, காலை ஆறு நாற்பது. வானம் மூடிக் கிடந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை, சட்டைக்குள் ஒரே புழுக்கம். பெரம்பலூர் பஸ் நிலையத்தில் நானும் என் சம்பந்தியும் அரியலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தோம்.

முந்தின இரவு அரியலூர் ஆஸ்பத்திரியில் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்திருந்தது. கல்யாணமாகி ஒன்பதாவது வருடம். பிறந்த பிள்ளையின் உதட்டில் சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பதைச் சேனை வைப்பது என்போம். வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்று நம்பிக்கை. அதை நான்தான் வைக்க வேண்டும் என்று ஒன்பது வருடமாக நினைத்திருந்தேன். மகள் போனில் சொன்னாள்: "யாரு மொதல்ல வரீங்களோ அவங்க வெய்ங்கப்பா. எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

அந்த 'ஒண்ணுதான்' என்னை இரவெல்லாம் தூங்கவிடவில்லை.

சம்பந்தி வேப்பந்தட்டையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருந்தார். அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயம் ஒன்று உண்டு: அவருக்கு எதுவும் தொலைவதில்லை. முன்பின் தெரியாதவர் மடியில் பையை வைத்துவிட்டுத் தூங்குவார். இறங்கும் இடத்தில் அவர்களே எழுப்பிக் கொடுப்பார்கள். நான் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போகிறவன். திருச்சியில் இரண்டு செல்போன், சென்னையில் ஒரு பர்ஸ், அங்கங்கே மூன்று குடை பறிகொடுத்திருக்கிறேன். சிறுவாச்சூர் கோயிலில் அவருடைய புதுச் செருப்புக்குப் பக்கத்தில்தான் என் பழைய செருப்பைக் கழற்றி விட்டேன். போனது என்னுடையது.

பஸ் நிற்பதற்குள் நாற்பது பேர் மொய்த்தார்கள். தோளிலிருந்த துண்டை ஜன்னல் வழியாக வீசி மூன்றாவது வரிசையில் இடம் பிடித்தேன். முண்டியடித்து ஏறிப் பார்த்தால் அங்கே ஒரு பெண், மடியில் காய்ச்சல்காரப் பிள்ளையோடு. துண்டை நான்காக மடித்து நீட்டினாள்.

"இந்தாங்க தாத்தா, ஒங்க துண்டு."

"துண்டு போட்டா எடம் புடிச்சாச்சுன்னு அர்த்தம்மா."

"தெரியும் தாத்தா. புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல். துண்ட நிக்க வெச்சுக்குங்க, எம் புள்ளையால நிக்க முடியாது."

பஸ்ஸே சிரித்தது. "பெருசு, வழிய விட்டு உள்ள போ," என்றார் கண்டக்டர். கடைசியாக, அவசரமே இல்லாமல் ஏறிய சம்பந்தியிடம் அவரே, "ஐயா, இப்பிடி வாங்க," என்றார். ஒரு கல்லூரிப் பெண் எழுந்து இடம் கொடுத்தாள்.

"சம்பந்தி, நீங்க உக்காருங்க," என்றார் அவர்.

"வேணாம்."

"பையையாச்சும் குடுங்க."

கொடுக்கவில்லை. சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஒரு மணி பத்து நிமிடம் அந்தக் காய்ச்சல் பிள்ளையின் சீட்டை ஒட்டி நின்றே வந்தேன். அதற்குள் அவரை நான்கு பேர் ஐயா என்றார்கள். என்னை மூன்று பேர் பெருசு என்றார்கள். எங்களுக்குள் நான்கு மாதம்தான் வித்தியாசம். நான்தான் இளையவன்.

அரியலூரில் இறங்கியதும் பையைத் திறந்தேன். பேரனுக்கு வாங்கிய வெள்ளி அரைஞாண் கொடியைக் காணவில்லை. துண்டை மடித்துக் கொடுத்தவள், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

"நில்லும்மா. எம் பைக்குப் பக்கத்துல நீதான் இருந்த."

அவள் பிள்ளையை பெஞ்சில் கிடத்திவிட்டு, தன் பையை அதன் பக்கத்தில் தலைகீழாகக் கொட்டினாள். "எண்ணிப் பாத்துக்குங்க."

எண்ணினேன். டிபன் பாக்ஸ், ஸ்வெட்டர், மாத்திரை அட்டைகள், கடித்த முறுக்கு என்று பதினொரு பொருள்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது.

"அந்தப் பொண்ணு எடுத்திருக்காது சம்பந்தி. வாங்க, புள்ளையப் பாக்கப் போவோம்."

"ஒங்களுக்கு எல்லாருமே நல்லவங்க. போறதுன்னா போங்க."

போய்விட்டார். உண்மையிலேயே போவார் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பெண் என் தோளைப் பார்த்தாள். "தாத்தா, துண்டுல என்ன முடிஞ்சு வெச்சிருக்கீங்க?"

தொட்டுப் பார்த்தேன். துண்டின் ஓரத்தில் முடிச்சு, முடிச்சுக்குள் அரைஞாண். பையை பிளேடு போட்டு அறுத்துவிடுவார்கள் என்று பயந்து, பெரம்பலூரில் நின்றபோது நானே எடுத்துத் துண்டில் முடிந்திருந்தேன். அந்தத் துண்டைத்தான் இடம் பிடிக்க வீசியிருக்கிறேன்.

"எடுக்கயிலயே கனமா இருந்துச்சு. பிரிக்காம அப்படியே மடிச்சுக் குடுத்தேன்," என்றாள்.

"தப்பா நெனச்சுக்காதம்மா."

"நெனச்சா மட்டும் என்ன பண்ணப் போறீங்க?" பதினொன்றையும் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது சம்பந்தியின் சுண்டு விரல் ஈரமாக இருந்தது.

"இப்பத்தான் சம்பந்தி. ஒங்களுக்காகப் பத்து நிமிஷம் பாத்தோம். நர்ஸம்மா புள்ளைய ஊசி போடத் தூக்கிட்டுப் போறேன்னுட்டாங்க."

பேரன் உதட்டைச் சப்புக் கொட்டினான். "சிரிக்கிறாம்பா, பாருங்க," என்றாள் மகள். நான் முடிச்சை அவிழ்த்து அரைஞாணை அவன் இடுப்பில் கட்டினேன். நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுச் சம்பந்தியிடம், "நல்லா இருக்கே, நீங்க வாங்கினதாய்யா?" என்றார்.

இனி இந்தப் பிள்ளை யார் மடியிலும் பையை வைத்துவிட்டுத் தூங்குவான். அதுவும் பத்திரமாகத் திரும்பி வரும். நல்லதுதான்; ஆனால் அது என் விரலில் இருந்து வரவில்லை. அரைஞாண் 2,650, பஸ் 28, ஆட்டோ 80. ஆக 2,758 ரூபாய்.