முடி முளைத்தால் மருந்து கேட்டதாக அர்த்தமா?

போன வாரம் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பையைத் தோளில் மாட்டுவதற்குள் டிரைவர் ஏகாம்பரம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“சார், சேதி தெரியுமா? உங்க மாப்ளைக்கு முளைச்சிகினு வருது சார்.”

பல்லா, கொம்பா என்று நீங்கள் கேட்கலாம். முடி! என் தங்கை ராஜியின் புருஷன் கன்னியப்பன் தலையில் முடி முளைக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் ஏகாம்பரம் எனக்கு டீ வாங்கித் தந்தார். பள்ளிப்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒருவர் — என்னை முன்பின் தெரியாதவர் — “அவுனு சார், ஒச்சேசிந்தி, வந்துடுச்சி. நானே தொட்டுப் பாத்தேன்” என்று தெலுங்கும் தமிழுமாகச் சாட்சி சொன்னார்.

ஒரு மனுஷனுக்கு முடி முளைப்பது ஊர்ச் செய்தியா? அதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும்.

கன்னியப்பன் பொதட்டூர்பேட்டை — திருத்தணி பஸ்ஸில் கண்டக்டர். ஏகாம்பரம் அதே பஸ்ஸுக்கு டிரைவர். சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், மாப்பிள்ளையின் இடது கையிலிருந்து டிக்கெட் கட்டு தானாக நழுவி விழுந்தது. மறுநாளும் விழுந்தது. மெட்ராஸுக்கு அழைத்துப் போனோம். மூளையில் கட்டி என்றார்கள். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மனிதர் ஜம்மென்று திரும்பி வந்து விசில் ஊத ஆரம்பித்துவிட்டார். நாங்களும் மறந்துவிட்டோம்.

இந்தத் தை மாதம் டிக்கெட் கட்டு மறுபடியும் நழுவியது.

அதே கட்டி, அதே இடம். இந்தத் தடவை கத்தி வைக்க முடியாது, கரண்ட் வைக்கலாம் என்றார் டாக்டர். கதிர் வைத்தியத்துக்கு நம் ஜனங்கள் வைத்த பெயர் அது. ராஜி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“மருந்து கேக்குமா சார்?”

“கேட்கலாம். கேட்காமலும் போகலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதைச் சொல்ல இத்தனை வருஷம் படிக்க வேண்டுமா? நானே சொல்லியிருப்பேனே! “நூத்துக்கு எத்தனைன்னாவது சொல்லுங்க சார்” என்று மல்லுக்கு நின்றேன்.

டாக்டர் கோபப்படவில்லை. “வயசு குறைவு, நல்லது. முதல் ஆபரேஷனுக்கும் இதுக்கும் நடுவுல நல்ல இடைவெளி, அதுவும் நல்லது. தானா நடந்து வந்திருக்கார், ரொம்ப நல்லது. ஆனா இதே வயசு, இதே கட்டி, இதே இடம்னு ரெண்டு பேரைப் பார்த்திருக்கேன். ஒருத்தருக்குக் கேட்டுது, ஒருத்தருக்குக் கேக்கலை. ஏன்னு எனக்குத் தெரியாது. கரண்ட் முடிஞ்சு கொஞ்ச நாள் போனப்புறம் படம் எடுத்துப் பார்த்தாத்தான் சொல்ல முடியும்.”

தெரியாது என்று சொல்கிற டாக்டரை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அப்போது அவரை எனக்குப் பிடிக்கவேயில்லை.

திருத்தணியில் அப்படி இல்லை. அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும். ஒரு கண்டக்டருக்கு உடம்பு சரியில்லை என்றால், அந்த ரூட்டில் டிக்கெட் வாங்கின அத்தனை பேரும் டாக்டர்தான்.

முதலில் ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நாலே நாளில் கை எழுந்தது. மாப்பிள்ளை பசி பசி என்று இட்லிப் பானையைக் காலி செய்தார், பழைய பாட்டெல்லாம் பாடினார். “ஆங், கேட்டுடுச்சி” என்று பஸ் ஸ்டாண்ட் தீர்ப்பு எழுதிவிட்டது. நானும் கையெழுத்துப் போட்டேன். டாக்டரோ, “அது மூளை வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரை. கட்டிக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. வைத்தியம் இன்னும் ஆரம்பிக்கவேயில்லை” என்றார்.

வைத்தியம் ஆரம்பித்தது, முடிந்தது. முடிந்து சில வாரத்தில் மனிதர் சோர்ந்து படுத்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கினார். “கேக்கல போலகீதே” என்று பஸ் ஸ்டாண்ட் தீர்ப்பைத் திருத்தியது. டாக்டரிடம் ஓடினால், “கரண்டுக்கு அப்புறம் சிலருக்கு இப்படித் தூக்கம் வரும், பயப்படாதீங்க” என்றார். சந்தோஷப்பட்டாலும் தப்பு, துக்கப்பட்டாலும் தப்பு. என்னதான் செய்வது?

இந்த நேரத்தில்தான் ஏகாம்பரம் தன் கண்டுபிடிப்பை வெளியிட்டார். கரண்ட் வைத்ததில் முடி கொட்டியது அல்லவா? தலை உள்ளே சரியானால்தானே வெளியே முளைக்கும்? ஆக, முடி முளைத்தால் மருந்து கேட்டதாக அர்த்தம்.

வேறு ஊராக இருந்தால் சிரித்திருப்பார்கள். இது திருத்தணி. தலைமுடி என்றால் அங்கே சும்மா விஷயமா? மலையிலிருந்து சந்தனம் பூசிய மொட்டைகள் நாள் முழுக்க இறங்கி வருகிற ஊர். கரண்ட் வைத்து மொட்டையாக வந்த மாப்பிள்ளையைப் பார்த்து ஒருத்தர்கூட ‘ஐயோ’ என்று சொல்லவில்லை. “வேண்டுதல் முடிஞ்சிச்சா?” என்றுதான் கேட்டார்கள்.

வேண்டுதல் முடியவில்லை, அதுதான் சிக்கல். வைத்தியத்துக்குக் கிளம்பும்போது ராஜி மலையடிவாரத்தில் நின்று வேண்டிக்கொண்டாளாம்: ‘அவருக்குக் குணமானா, தலை நிறைய முடியோட மலையேறி வந்து மொட்டை போட்டுக்குவாரு.’ முருகனுக்குச் சேர வேண்டியதைக் கரண்ட் முந்திக்கொண்டு வாங்கிவிட்டது. எனவே முடி முளைப்பதை ஊரே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் தலையைத் தடவிப் பார்ப்பாராம். வீட்டுக்குப் போனதும், “என் தலையை பஸ் ஸ்டேஜுன்னு நெனச்சிகினாங்க பாவா. ஏறவன் எறங்கறவன் எல்லாம் தொட்டுட்டுப் போறான்” என்றார் மாப்பிள்ளை.

சிரித்தேன். சிரித்துக்கொண்டே, அவர் அசந்த நேரம் பார்த்து நானும் எட்டிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் முளைத்திருந்தது. ஆனால் வலது காதுக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடம் மட்டும் வழவழவென்று இருந்தது.

ராஜி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

“பாத்தியா ண்ணா?”

“எதை?”

“தெரியாத மாதிரி கேக்காத. எல்லா எடத்துலயும் முளைக்குது, கட்டி இருக்கற எடத்துல மட்டும் முளைக்கல. உள்ள இருந்துகினு அதுதான் திங்குதோ? எண்ணெய் தேய்ச்சிகினே இருக்கேன். ஊர்ல எல்லாரும் முளைச்சிடுச்சி முளைச்சிடுச்சின்றாங்க. எனக்கு அந்த எடம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியுது.”

அழவில்லை. குழம்பைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். பத்திரிகைக்குப் பத்தி பத்தியாக எழுதுகிற நான் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மெட்ராஸ். மண்டையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுக்கிற மெஷின் வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. மாப்பிள்ளை அதற்குள் போய்விட்டு வந்தார். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில் மாட்டி, மாற்றி மாற்றிப் பார்த்தார். நாங்கள் படத்தைப் பார்க்கவில்லை, டாக்டர் முகத்தைத்தான் பார்த்தோம்.

“சுருங்கியிருக்கு” என்றார்.

மாப்பிள்ளை மெதுவாக மூச்சு விட்டார். நான் விட்டது அடுத்த அறைக்குக் கேட்டிருக்கும்.

“போயிடுச்சின்னு சொல்லலை. சுருங்கியிருக்கு. இப்போதைக்கு மருந்து கேட்டிருக்கு.”

“எத்தினி நாளைக்கு சார்?” ராஜி.

“தெரியாதும்மா.”

இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை. இவர் ‘தெரியும்’ என்று சொன்னால்தான் நம்பக் கூடாது என்று புரிந்துபோயிற்று.

ராஜி தயங்கித் தயங்கி அந்த வழுக்கை இடத்தைக் காட்டிக் கேட்டாள். டாக்டர் சிரித்தார். “முடிக்கும் கட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கரண்ட் அதிகமா பட்ட இடம் அது. மத்த இடத்துல முளைச்சிடும். அங்க இனிமே முளைக்காது.”

“எப்பவுமேவா?”

“எப்பவுமே.”

இப்போது அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். திரும்பும் பஸ்ஸில் கொய்யாப் பழம் வாங்கிக் கொடுத்து, வழி நெடுக அவரோடு வம்பளந்துகொண்டே வந்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

சாயங்காலம் ஏகாம்பரம் வீட்டுக்கே வந்துவிட்டார். முகம் நிறையச் சிரிப்பு, கையில் பூமாலை வேறு. “நான் சொன்னேன் இல்ல? முடி முளைச்சிச்சி, மருந்து கேட்டுச்சி. வர்ற ஆடிக் கிருத்திகைக்கு மொட்டை போட்டுடலாம்மா.”

“அதுக்குள்ள எப்படிண்ணா?” என்றாள் ராஜி. “தலை நிறைய முடியோட வந்து குடுக்கறோம்னுதான் வேண்டிகினேன். தலை நிறையட்டும், வர்றோம்.”

“அந்த எடத்துல முளைக்காதுன்னு டாக்டரே சொல்லிட்டாராமே?”

“ஆங், சொல்லிட்டாரு. முருகர் தனக்குச் சேர வேண்டியத வாங்கிக்காம ஆள விடுவாரா? அதுவரைக்கும் இவர அவர்தானே பாத்துக்கணும்?”

ஏகாம்பரம் மாலையைக் கொண்டுபோய் முருகர் படத்துக்குப் போட்டார். மாப்பிள்ளை அந்த வழவழப்பான இடத்தைத் தடவிக்கொண்டார்.

எத்தனை நாளைக்கு என்று டாக்டரிடம் கேட்டோமே... முளைக்கிற வரைக்கும்.