மூலையில் இருந்த பெயர்

போன மாதம் திருப்பூரில் ஒரு நடைபாதைக் கடையில் மகனுக்கு டி-ஷர்ட் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கூடவே செந்தில். பத்திரிகைகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர். என்னைவிட இளையவன். 'அவன்' என்று எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டான்.

குவியலிலிருந்து கறுப்பு டி-ஷர்ட் ஒன்றை உருவியவன், அப்படியே நின்றுவிட்டான்.

அதன் நெஞ்சுப் பகுதியில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தார். மடியில் ஒரு தூக்குப்போசி. கீழே, ஸ்டைலான ஆங்கில எழுத்தில் 'பெயின்'... வலியாம்!

"இது எம்பட படமுங்ணா, நான் எடுத்தது" என்றான் செந்தில்.

எனக்கும் தெரிந்த படம்தான். சாயப்பட்டறைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கியவர் விஷவாயு தாக்கி இறந்துபோனார். அவர் மனைவி சரசு, கணவர் காலையில் சோறு கொண்டுபோன தூக்குப்போசியை மடியில் வைத்துக்கொண்டு பிணவறை வாசலில் உட்கார்ந்திருந்தார். செந்தில் கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுத்தான்.

"நாயம் கெடைக்கும்னா எடுங்ணா. ஆனா நியூஸுக்கு மட்டும் போடுங்க. கண்ட எடத்துல வரக்கூடாது" என்றார் சரசு. செந்தில் வாக்குக் கொடுத்தான். படம் வெளிவந்த பிறகுதான் அதிகாரிகள் அந்தப் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

படத்தின் மூலையில் சின்னதாக அவன் பெயர் இருக்கும். டி-ஷர்ட்டில் அது இல்லை. கச்சிதமாகக் கத்தரித்திருந்தார்கள்.

"சரசு கண்ணுல படறதுக்குள்ள இத நிறுத்தோணும்ணா" என்றான். அது ஒன்றுதான் அவனுக்குக் கவலை.

கடைக்காரரிடம் விசாரித்து, இரண்டு நாள் கழித்து அதைத் தயாரித்த கம்பெனிக்குப் போனோம். ஓனர் டீ வரவழைத்தார். மரியாதைக்குக் குறைச்சலே இல்லை.

"நெட்ல கெடந்துச்சுங்க. டிசைன் பண்ற பையன் டவுன்லோடு பண்ணிட்டான். எல்லாரும் பண்றதுதானுங்களே?"

அவருக்குப் பின்னால் ஒரு பீரோ. பூட்டு பெரிசாக இருந்தது. எனக்கு வாய் சும்மா இருக்காதே...

"ஏனுங்க, அதுக்குள்ள என்னங்க?"

"ஃபாரின்ல நம்மகிட்டத் துணி வாங்கற பையரோட லேபிளுங்க. ஒண்ணு வெளிய போனாலும் ஆர்டரே போயிருமுங்க. மிஞ்சற பீஸைக்கூட லேபிளை வெட்டிப்போட்டுத்தானுங்க லோக்கல்ல விக்கறது. அடுத்தவங்க பேரு பாருங்க..."

சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது. கடல் தாண்டி இருப்பவரின் பெயருக்குப் பூட்டு. உள்ளூர்க்காரனின் பெயருக்குக் கத்தரிக்கோல். இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன? நம் வாட்ஸ்அப்பில் தினமும் வந்து விழும் படங்களை எடுத்தது யார் என்று நாம் என்றாவது கேட்டிருக்கிறோமா?

செந்தில் வக்கீலைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். எடுத்தவனுக்குத்தான் உரிமை, அனுமதி இல்லாமல் அச்சடித்தது தப்பு என்று எடுத்துச் சொன்னான். ஓனர் பயந்துதான் போனார்.

"அடுத்த லாட்டுல உங்க பேரைப் போட்டே அடிச்சுடறமுங்க" என்றார்.

சமாதானமாம்! செந்திலுக்குக் கண் சிவந்துவிட்டது.

"பேரும் வேண்டாங்க, ஒண்ணும் வேண்டாங்க. கடைக்குப் போனதையெல்லாம் திருப்பி எடுத்து, எங்க கண்ணு முன்னால அழிச்சுப்போடுங்க."

ஓனர் ஒத்துக்கொண்டார். சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரமே கூப்பிட்டார். திரும்பி வந்த டி-ஷர்ட்களை அடுக்கிவைத்து, கட்டிங் மெஷினில் துண்டு துண்டாக வெட்டினார்கள். மூட்டை கட்டி ஓரமாகப் போட்டார்கள். நானும் செந்திலும் ஜெயித்த தெம்பில் வெளியே வந்து பஜ்ஜி சாப்பிட்டோம்.

அந்த மூட்டை எங்கே போகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. திருப்பூரில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். இந்த ஊரில் எந்தத் துணி அழிந்திருக்கிறது? வெட்டிய துண்டெல்லாம் பனியன் வேஸ்ட். எடை போட்டு வாங்கிப் போவார்கள். ஒர்க் ஷாப்புக்குப் போகும்... தையல் மெஷின் துடைக்கவும் போகும்.

சரசு இப்போது வேறொரு கம்பெனியில் டெய்லர்.

முந்தாநாள் செந்திலுக்கு அவரிடமிருந்து போன். நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணா, மெசினு எண்ணெய் தொடைக்க வேஸ்ட்டு குடுத்தாங்க. அதுல அவரு தூக்குப்போசி இருக்குதுங்ணா. எம்பட கையும் இருக்குது. மூஞ்சி இல்லீங்க."

செந்தில் நடந்ததையெல்லாம் திக்கித் திணறிச் சொன்னான். அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் திட்டியிருந்தால்கூட எங்களுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எண்ணெய் தொடைக்க மனசு வரலீங்ணா. மடிச்சு வெச்சிருக்கறேன். கம்பெனி வேஸ்ட்டுன்னு சூப்பர்வைசரு திருப்பிக் குடுக்கச் சொல்றாரு" என்றார் சரசு. பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "இது ஆருதுன்னு சொல்லட்டுமுங்ணா?"

ஓனரிடமும் வக்கீலிடமும் 'எம்பட படம்' என்று அடித்துப் பேசிய செந்திலுக்கு, அன்று அந்த 'எம்பட' மட்டும் வாயில் வரவில்லை.