தோசைக்கல்லில் தாலிக்கொடி

ஊரில் நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனம் ரியூசன் கொடுத்தவன். நாகம் என்கிற துத்தநாகம், கட்மியம், இரசம் மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்புவிப்பேன். மற்ற உலோகங்களின் விறைப்பு இவற்றுக்கு இல்லை. சூடு பட்டால் கெதியில் உருகும், கெதியில் ஆவியாகும். இரசம், அதுதான் பாதரசம், உருக்கவே தேவையில்லை. தங்கத்தைத் தொட்டால் அதோடு கலந்து வெளுக்க வைத்துவிடும். இரும்போடு ஒட்டாது. இவ்வளவும் தெரிந்த மடையன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில், டுசல்டோர்ஃபுக்குப் பக்கத்தில், கழிவுச் சாமான்களைப் பிரித்து உலோகம் எடுக்கும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கும் மனைவிக்கும் வேலை. நான் நாகம் பூசிய பழைய கூரைத் தண்ணீர்ப் பீலிகளை வெட்டுவேன். எனக்குப் பின்னால் கட்மியம் உள்ள பற்றரிகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். அவளுக்குக் காய்ச்சல்மானிகளை உடைத்துப் பாதரசம் வடிக்கும் மேசை. அவளுக்கு அப்போது நாலாம் மாதம். சொன்னால் வேலையை நிற்பாட்டிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு மாதம் என்று இழுத்தோம்.

அந்த மேசையில் வேலை செய்பவர்கள் தங்க நகை போடக்கூடாது. முதல் நாளே மேற்பார்வையாளர் கழுத்தைக் காட்டிக் கழற்றச் சொன்னார். நான் தமிழில் சொன்னதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீங்கள் உயிரோட இருக்கேக்க நான் ஏன் தாலியைக் கழட்டுறது? ஏலாது.”

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதைக் கேட்க எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கழற்றிவிட்டாள் என்று அவரிடம் பொய் சொன்னேன். அவள் கொடியைச் சட்டைக்குள் விட்டு மறைத்துக்கொண்டாள்.

பனி கொட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சல்மானிப் பெட்டியொன்று சரிந்து அவள் மேலேயே உடைந்தது. துடைத்துவிட்டு வேலையை முடித்தாள். பின்னேரம் வீட்டில் உடுப்பு மாற்றும்போது அலறினாள்.

“இஞ்சாருங்கோ! ஐயோ, தாலி வெளுத்துப் போச்சு!”

ஈயம்போல் கிடந்தது. “உங்களுக்கு என்னவோ வரப்போகுது” என்று குழறி அழுதாள். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அவள் உடம்பில் கொட்டியதை நினைத்துத்தான் நான் நடுங்கியிருக்க வேண்டும். எனக்கோ அவளுடைய அழுகையை நிறுத்தினால் போதும் என்றிருந்தது.

“விசர்க்கதை கதையாதையும். இது சின்ன வேலை. சூடாக்கினா இரசம் பறந்திடும்.”

மஞ்சள் பூசிய நூலொன்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் கொடியைக் கழற்றித் தந்தாள். இரும்புத் தோசைக்கல்லை மின்னடுப்பில் வைத்து, கொடியை அதில் போட்டு, சூட்டை முழுதாகக் கூட்டினேன். குளிருக்கு யன்னல் பூட்டியிருந்தது. அங்காலே போய் இரும் என்றேன்.

“தாலியை விட்டிட்டு நான் எங்கை போறது?”

என் தோளோடு ஒட்டி நின்று குனிந்து பார்த்தாள். புகையும் இல்லை, மணமும் இல்லை. மெல்ல மெல்ல மஞ்சள் திரும்பியது. அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். பறந்திடும் என்று சொன்னேனே தவிர, எங்கே பறக்கும் என்று நான் யோசிக்கவில்லை. சனியன் பிடித்த மூளை!

அடுத்த நாளே இருமல். வாயெல்லாம் தகரம் நக்கியதுபோல் இருக்கிறது என்றாள். மூன்றாம் நாள் மூச்சு எடுக்க ஏலாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடினேன். அவளுக்கு ஜெர்மன் தெரியாது. எதையாவது சுவாசித்தாரா என்று டொக்டர் கேட்டதை நான்தான் அவளுக்குச் சொன்னேன்.

“ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ. வேலை போயிடும்.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மேசை, பொய், தாலி, தோசைக்கல். டொக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார். பிள்ளையின் இதயம் துடிக்கிறது, மற்றது பிறந்த பிறகுதான் தெரியும் என்றார்.

“என்ன சொன்னவர்?”

அதையும் அப்படியே சொன்னேன். “அண்டைக்கு அடுப்பிலை இருந்து வந்தது நஞ்சு. நான்தான் உமக்கும் பிள்ளைக்கும் குடுத்தனான்.”

இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்தினாள். என்னை ஏசுவாள், அடிப்பாள் என்று காத்து நின்றேன். அவள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னாள்:

“நீங்களும் அந்த அடுப்படியிலைதானே நிண்டனீங்கள். உங்களையும் ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ.”